தோற்றவரின் ஒப்புதல்

2013 மார்ச் மாதத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வினாடி வினா அணி நான்கு தேசியப் பட்டங்களை ஒன்றாக இழந்தது. 2009, 2010, 2011 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளில் வென்ற பட்டங்கள் அவை. அமெரிக்கக் கல்லூரிகளுக்காக அந்தப் போட்டியை நடத்தும் என்.ஏ.க்யூ.டி. என்ற நிறுவனம் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்தந்த ஆண்டில் அடுத்து நின்ற அணிகளைச் சாம்பியன்களாக அறிவித்தது.

ஹார்வர்டு அணியின் முக்கியமான ஆட்டக்காரர் ஒருவர் அதே நிறுவனத்துக்குக் கேள்வி எழுதிக்கொடுப்பவராகவும் இருந்தார். எழுதுகிறவர்கள் வேலைக்காக நுழையும் இணையதளத்தில், யார் எதை எழுதியிருக்கிறார்கள் என்று காட்டும் சில பக்கங்கள் இருந்தன. அங்கே ஒவ்வொரு கேள்வியின் முதல் 40 எழுத்துகள் தெரிந்தன. அவர் ஆடப்போகிற போட்டியின் கேள்விகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. போட்டிக்கு முன்பே அவர் அந்தப் பக்கங்களைத் திறந்திருந்தார் என்பதைக் கணினிப் பதிவுகள் காட்டிவிட்டன.

அதனால் அவர் ஆதாயம் அடைந்தார் என்பதற்கு நேரடி ஆதாரமோ புள்ளிவிவர ஆதாரமோ தங்களிடம் இல்லை என்பதை நிறுவனமே சொல்லியது. சொல்லிவிட்டுப் பட்டத்தைப் பறித்தது. அந்த ஆட்டக்காரரும் பக்கங்களைப் பார்த்ததற்கு வருத்தம் தெரிவித்தார். ஆதாயத்துக்கு ஆதாரமில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டதையும் சுட்டிக்காட்டினார்.

இந்த வழக்கை இரண்டு பக்கமும் நின்று வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஐயம் இருந்தால் அதன் பலன் குற்றம்சாட்டப்பட்டவருக்கே போகவேண்டும் என்று நம்புகிறவன் நான். அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் தீர்ப்பு சரி என்ற இடத்துக்கே வந்து சேர்கிறேன். ஏன் என்பதைச் சொல்ல, அந்தக் கேள்விகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தப் போட்டிகளில் ஒரு கேள்வி என்பது ஒரு பத்தி. நடுவர் வாசித்துக்கொண்டே போவார். தெரிந்தவர் எந்த இடத்திலும் பஸ்ஸரை அழுத்தி இடைமறிக்கலாம். கடினமான குறிப்பு முதலில் வரும், எல்லாருக்கும் தெரிந்தது கடைசியில் வரும். ராமானுஜனைப் பற்றி அப்படியொரு கேள்வியை அமைத்துப் பார்ப்போம். ‘தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி 1915இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்’ என்று அது தொடங்கும். சாவதற்குச் சில மாதம் முன்பு எழுதிய கடிதத்தில் போலித் தீட்டா சார்புகளை அறிமுகப்படுத்தியது அடுத்து வரும். 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த தாள்கள் அதற்கும் அடுத்து. கும்பகோணமும் ஹார்டியும் 1729 என்ற டாக்சி எண்ணும் கடைசியில். முதல் பகுதியிலேயே சொன்னால் 15 புள்ளி, பிறகு சொன்னால் 10, இடைமறித்துத் தவறாகச் சொன்னால் 5 புள்ளி கழியும். கணிதத்தை ஆழ்ந்து படித்தவர் முதல் வரியில் கை வைப்பார். படிக்காதவர் டாக்சி வரும்வரை காத்திருப்பார். இருவருக்கும் இடையில் உள்ள அந்தச் சில நொடிகளைத்தான் இந்த ஆட்டம் அளக்கிறது.

40 எழுத்துகள் என்றால் ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொற்கள், அதாவது அந்த முதல் வரியின் தொடக்கம். வரும் வாரம் மேடையில் ‘தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும்’ என்று கேட்கும்போது, அந்தச் சொற்களை ஏற்கனவே ஒருமுறை கண்ணால் பார்த்தவரின் மனதில் என்ன நடக்கும்? அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம், நிறையப் படித்தவர்தான் அவர். ஆனால் படித்ததால் தெரிந்ததா, பார்த்ததால் நினைவுக்கு வந்ததா என்று பிரித்துச் சொல்ல அவராலேயே முடியாது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் முடியாது. அறிவு உள்ளே போன வாசலைக் குறித்து வைத்துக்கொள்வதில்லை. ஆகவே ஆதாயம் அடைந்தார் என்று நிறுவனத்தால் நிறுவ முடியாத அதே காரணத்தால், அடையவில்லை என்று அவராலும் நிறுவ முடியாது.

இந்த இடத்தில் சாம்பியனையும் போட்டி நடத்துகிறவரையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வழக்கு முடியவே முடியாது. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அன்று எதிர்மேசையில் உட்கார்ந்து தோற்றவர். ஓட்டப்பந்தயத்தில் தோற்றவருக்கு முன்னால் ஓடியவரின் முதுகு தெரியும். வினாடி வினாவில் தோற்றவருக்குத் தெரிவது ஒரு பஸ்ஸரின் சத்தம் மட்டும்தான். ‘அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை’ என்று அவர் தனக்குள் ஒப்புக்கொள்கிறாரே, அந்த ஒப்புதல்தான் பட்டத்தைப் பட்டமாக்குகிறது. கோப்பையை நிறுவனம் வாங்கிக் கொடுத்துவிடலாம். ஒப்புதலைத் தோற்றவர்தான் கொடுக்க முடியும். அந்த ஆண்டுகளில் ஹார்வர்டிடம் தோற்றவர்கள் முழு உண்மையை அறியாமல் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். 2013இல் நிறுவனம் செய்தது, அந்த ஒப்புதலை அவர்களிடமே திருப்பிக் கொடுத்த காரியம். அந்தப் பக்கங்களை அப்படித் திறந்து வைத்திருந்த பிழை நிறுவனத்தினுடையது என்பதும் உண்மை. பூட்டாத கதவுக்கு வீட்டுக்காரர் பொறுப்பேற்க வேண்டும். அதற்காக உள்ளே போனது நியாயமாகிவிடாது.

இதே அளவுகோலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

பிபிசியின் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ இறுதிப் போட்டி 2009 பிப்ரவரி 23 அன்று ஒளிபரப்பானது. ஆக்ஸ்ஃபோர்டின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரி 275, மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 190. கார்பஸ் அணித் தலைவி கெயில் ட்ரிம்பிள் லத்தீன் இலக்கியத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அந்தத் தொடரில் தன் அணி எடுத்த புள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அவர் ஒருவரே எடுத்தார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 2 அன்று, பட்டம் பறிக்கப்பட்டது. அணியில் ஒருவர் படிப்பை முடித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார் என்ற செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது. மேற்படிப்புக்குப் போகத்தான் நினைத்திருந்தார், அதற்கான நிதி கிடைக்கவில்லை. தொடரின் படப்பிடிப்பு பல மாதங்களுக்கு நீண்டு, இரண்டு கல்வியாண்டுகளில் கால் வைத்து நிற்கும். முதல் சுற்றுகளில் மாணவராக இருந்தவர் பிந்திய சுற்றுகளில் மாணவராக இல்லை. படப்பிடிப்பு முடியும்வரை எல்லாரும் பதிவுபெற்ற மாணவர்களாக இருக்கவேண்டும் என்பது விதி. கோப்பை மான்செஸ்டருக்குப் போனது.

விதிப்படி தீர்ப்பில் பிழையில்லை. ஆனால் இங்கே தோற்றவர்களின் ஒப்புதலில் எந்தக் கலப்படமும் இருந்ததில்லை. கேள்வியை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. லட்சக்கணக்கானோர் பார்க்க, ஒரே மேடையில், ஒரே நேரத்தில், ஒரே கேள்விக்கு இரண்டு அணியும் கை நீட்டின, ஒன்று முந்தியது. மான்செஸ்டர்காரர்கள் தோற்றது எதிரணியின் அறிவிடம். அந்த அறிவு அன்றைய தேதியில் கல்லூரிப் பதிவேட்டில் இருந்ததா, சம்பளப் பட்டியலில் இருந்ததா என்பது அடையாள அட்டை சம்பந்தப்பட்ட விஷயம். விதி இருந்தால் அதைக் காக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. அதைக் காக்கும் வேலை போட்டி நடத்துகிறவர்களுடையது, காக்கவேண்டிய நேரம் ஒவ்வொரு சுற்றின் படப்பிடிப்புக்கும் முன்பு. கல்லூரிகளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இறுதிப் போட்டியை ஒளிபரப்பி, பாராட்டெல்லாம் ஓய்ந்தபின் பத்திரிகைச் செய்தியைப் பார்த்து விதிப்புத்தகத்தைத் திறப்பது, தங்கள் கவனக்குறைவுக்கு ஆட்டக்காரர்களைத் தண்டனை அனுபவிக்கச் சொல்வதாகும். வென்றவரிடமிருந்து வெற்றி போனது. தோற்றவருக்கு, தாம் வெல்லாத ஆட்டத்தின் கோப்பை வந்தது. இரண்டு தரப்புக்குமே அது மரியாதை இல்லை.

மான்செஸ்டருக்கும் அந்த நிகழ்ச்சிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1975இல் அங்கிருந்து போன அணி பெரும்பாலான கேள்விகளுக்கு மார்க்ஸ், லெனின், டிராட்ஸ்கி, சே குவேரா என்று மாறிமாறிப் பதில் சொல்லியது. பின்னாளில் பெயர்பெற்ற பத்திரிகையாளரான டேவிட் ஆரனோவிச் அந்த அணியில் ஒருவர். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் ஒவ்வொரு கல்லூரியின் பெயரிலும் தனித்தனி அணிகளை அனுப்பலாம், மற்றப் பல்கலைக்கழகங்கள் எத்தனை ஆயிரம் மாணவர்கள் இருந்தாலும் ஒரே அணியாகத்தான் வரவேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆத்திரம். அதைக் குறும்பு என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் அதிகம். எனக்கு அது முறையான எதிர்ப்பாகவே படுகிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அதில் தோற்பவர் ‘சரியாகத் தோற்றேன்’ என்று எப்படிச் சொல்வார்? தோல்வியை ஒப்புக்கொள்ள முடியாத ஆட்டத்தை அவர்கள் ஆட மறுத்தார்கள். 2009இல் கோப்பை அதே பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரியிடமிருந்து வந்து சேர்ந்தது. ஆனால் 1975இல் எழுப்பிய கேள்விக்கு அது பதில் ஆகாது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அப்போதும் கல்லூரி கல்லூரியாகவே வந்துகொண்டிருந்தன.

இந்த நிகழ்ச்சிக்கு மூலம் அமெரிக்காவின் ‘காலேஜ் பவுல்’. டான் ரீட் என்பவர் உருவாக்கி 1953இல் வானொலியில் தொடங்கியது. 1959இல் தொலைக்காட்சிக்குப் போய் 1970 வரை ஓடியது. 1962இல் அதன் பிரிட்டிஷ் வடிவமாக யுனிவர்சிட்டி சேலஞ்ச் பிறந்தது. தொலைக்காட்சியில் நின்றுபோன காலேஜ் பவுல் 1977இல் கல்லூரி வளாகங்களுக்குள் போட்டியாகத் திரும்பி வந்தது. அங்கேதான் நல்ல ஆட்டக்காரர்களுக்கும் காலேஜ் பவுலை நடத்திய நிறுவனத்துக்கும் மோதல் முற்றியது. கேள்விகளில் ஆழமில்லை, பழைய கேள்விகளே திரும்ப வருகின்றன, படித்தவருக்கும் மேலோட்டமாகத் தெரிந்தவருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது என்பன அவர்களின் குறைகள். சொல்லிப் பார்த்தார்கள். பிறகு தாங்களே கேள்வி எழுதி, தாங்களே போட்டி நடத்தத் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் ஏ.சி.எஃப். என்ற அமைப்பு அப்படித்தான் வந்தது. 1996இல் என்.ஏ.க்யூ.டி.யும் பழைய ஆட்டக்காரர்களால் தொடங்கப்பட்டது. ராமானுஜன் கேள்வியில் பார்த்த அந்தப் படிப்படியான கட்டுமானம் அந்த அதிருப்தியிலிருந்து செழித்து வளர்ந்தது. 2008இல் காலேஜ் பவுல் தன் வளாகப் போட்டிகளை மூடிக்கொண்டது.

எதிர்த்தவர்கள் ஜெயித்த கதை இது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஆழமான கேள்வி எழுத ஆழமாகப் படித்தவர் வேண்டும். அப்படிப் படித்தவர்கள் யார் என்றால் ஆடிக்கொண்டிருக்கிற சாம்பியன்கள்தான். இந்த வாரம் பஸ்ஸர் முன் உட்கார்கிறவர் அடுத்த வாரம் வேறொரு போட்டிக்குக் கேள்வித் தாள் தயாரிக்கிறார். எழுதும் கையும் ஆடும் கையும் ஒன்றாகிவிட்டன. 2013இல் வெடித்த வழக்கின் வேர் அங்கே இருக்கிறது. நல்ல ஆட்டத்தைக் கொடுத்த ஏற்பாடே நம்பிக்கையின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றி வைத்திருந்தது.

அப்படியானால் சாம்பியனும் நடத்துகிறவரும் சண்டையில்லாமல் இருப்பதுதான் நல்லதா? அதற்கு வரலாறு ஒரு கொடிய பதிலை வைத்திருக்கிறது. 1956 டிசம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியின் ‘ட்வென்டி ஒன்’ நிகழ்ச்சியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்ற சாம்பியனிடம், 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற படம் எது என்று கேட்டார்கள். ‘மார்ட்டி’ என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தவறாகச் சொல்லும்படி தயாரிப்பாளர் சொல்லியிருந்ததால் வேறொரு படத்தின் பெயரைச் சொல்லித் தோற்றார். அவரை வென்றவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரன். அவருக்குப் பதில்கள் முன்பே தரப்பட்டிருந்தன. 1959 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்பு அவரே அதை ஒப்புக்கொண்டார். வெற்றி பெற்றவருக்கும் நடத்தியவர்களுக்கும் இடையே அங்கே முழு இணக்கம் இருந்தது. ஏமாற்றப்பட்டவர்கள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 1960இல் இப்படிப் போட்டிகளை முன்கூட்டியே திட்டமிட்டு நடத்துவதைக் குற்றமாக்கி அமெரிக்கா சட்டம் இயற்றியது. வெற்றியாளரும் நடத்துகிறவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்காத இடம் அவ்வளவு ஆபத்தானது. ஆகவே கல்லூரிப் போட்டிகளில் நடக்கும் வாக்குவாதத்தை அசிங்கம் என்று நினைக்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

நம் கல்லூரி விழாக்களில் அந்த வாக்குவாதம் பெரும்பாலும் ஒரே வரியில் அடக்கப்படுகிறது. ‘குயிஸ் மாஸ்டரின் தீர்ப்பே இறுதியானது.’ நீல் ஓ பிரையன் 1967இல் கல்கத்தாவில் நடத்திய முதல் பொதுப் போட்டிக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்த குயிஸ் மரபு, மேடையில் நிற்கும் அந்த ஒருவரின் ஆளுமையைச் சுற்றி வளர்ந்தது. அதில் அழகு உண்டு. நல்ல குயிஸ் மாஸ்டர் ஓர் அரங்கத்தையே சிந்திக்க வைப்பார். ஆனால் ஒரு தவறான தீர்ப்பு என்ன செய்யும் என்பதைப் பாருங்கள். மேடையில் ஆறு அணிகள். பதில் தெரியாவிட்டால் கேள்வி அடுத்த அணிக்குப் போகும், யார் சரியாகச் சொல்கிறாரோ அவருக்கு அடுத்த அணியிலிருந்து அடுத்த கேள்வி தொடங்கும். ‘பொலிவியாவின் தலைநகர் எது?’ என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது அணி ‘சுக்ரே’ என்கிறது. குயிஸ் மாஸ்டரிடம் இருக்கும் ஸ்லைடில் ‘லா பாஸ்’. தவறு என்று கேள்வி நகர்கிறது, ஐந்தாவது அணி லா பாஸ் சொல்லி 10 புள்ளி வாங்குகிறது. அரசியல் சட்டப்படி தலைநகர் சுக்ரே, அரசாங்கம் இயங்குவது லா பாஸில். மூன்றாவது அணிக்குப் போகவேண்டிய புள்ளி ஐந்தாவதுக்குப் போய்விட்டது. அதோடு முடியவில்லை. நான்காவது அணிக்கு முதலில் வந்திருக்கவேண்டிய அடுத்த கேள்வி இப்போது ஆறாவதுக்கு வருகிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கேள்வியும் இடம் மாறுகிறது. மூன்றாவது அணிப் பையன் எழுந்து, “சார், நாங்க சொன்னதும் கரெக்ட்தான்” என்கிறான். “டைம் இல்லப்பா, நெக்ஸ்ட்” என்று பதில் வருகிறது. அந்தப் பையன் அன்று தோற்றால், எதனிடம் தோற்றான் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. பொலிவியாவைப் பற்றி மேடையில் இருந்த எல்லாரையும்விடச் சரியாகப் படித்தவன் அவன்.

அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் இதற்கு எளிய வழி ஒன்றை வைத்திருக்கின்றன. ஆட்சேபம் இருந்தால் அணி பதிவு செய்துகொள்ளலாம். ஆட்டம் நிற்காது. முடிவில் அந்த ஆட்சேபம் வெற்றி தோல்வியை மாற்றக்கூடியதாக இருந்தால் மட்டும் எடுத்து விசாரிப்பார்கள், நூல்களைப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்வார்கள். மாற்றாது என்றால் விட்டுவிடுவார்கள். இதில் நடுவருக்கு அவமானம் எதுவும் இல்லை. தாளில் எழுதியிருப்பதற்கும் மேலே உண்மை என்று ஒன்று இருக்கிறது என்பதை அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து ஒப்புக்கொள்வதுதான் அது. அறிவைக் கொண்டாடக் கூடிய கூட்டத்தில் இதைவிட அடிப்படையான மரியாதை வேறென்ன இருக்க முடியும்?

சாம்பியன்களுக்கும் கடமை உண்டு. நிறையத் தெரிந்திருப்பது அவர்கள் பெருமை. அன்றைய கேள்வி தெரியாமல் வந்து உட்கார்வது அவர்கள் கடன். கண்ணில் படக்கூடாதது ஒன்று பட்டுவிட்டால், போட்டிக்கு முன்பே போய்ச் சொல்லவேண்டும். நிறுவனம் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. எதிரணி சரியாகச் சொன்ன பதிலைக் குயிஸ் மாஸ்டர் தவறு என்று தள்ளும்போது, அது சரிதான் என்று தெரிந்தவர் அந்தக் கணத்தில் வாய் திறக்கவேண்டும். கல்லூரிப் பருவத்தில் இதைச் செய்யப் பழகியவர் நாளை ஒரு நீதிமன்றத்திலோ ஆய்வுக்கூடத்திலோ செய்தி அறையிலோ உட்காரும்போது அந்தப் பழக்கம் கூடவே வரும். வினாடி வினாவில் கற்பதற்கு இருக்கும் விஷயங்களில் தலைநகரங்களின் பெயர்களைவிட இது பெரியது என்று நம்புகிறேன்.

நடத்துகிறவர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். கேள்விகளைப் பூட்டி வையுங்கள். தகுதி விதிகளை மேடை ஏறுவதற்கு முன்பே சரிபாருங்கள். அழைப்பிதழில் இருக்கும் ‘தீர்ப்பே இறுதியானது’ என்ற வரியை எடுத்துவிட்டு, ஆட்சேபத்தை யாரிடம், எப்போது, எப்படிக் கொடுப்பது என்று அந்த இடத்தில் அச்சிடுங்கள். வென்ற அணிக்கும் அதில் நன்மை இருக்கிறது. யாரும் கேள்வி கேட்க முடியாமல் கிடைத்த பட்டத்தைக் கேள்வி கேட்டுப் பறித்துவிடலாம். எல்லாக் கேள்வியும் கேட்கப்பட்டு, தோற்றவரும் சரி என்று சொன்னபின் கிடைத்த பட்டத்தை நான்கு ஆண்டு கழித்தும் யாராலும் தொட முடியாது.